மஃப்டியில் செக்கரம்மா

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்ததால் அவருக்கு செக்கரம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்தப் பெயரை ஓய்வூதியப் புத்தகம் மட்டும் ஞாபகம் வைத்திருந்தது.

செக்கரம்மா ஏறினால் பஸ்ஸுக்கே முதுகு நிமிர்ந்துவிடும். எதிர் சீட்டில் காலை நீட்டியிருந்தவன் மடக்கிக்கொள்வான். படிக்கட்டில் தொங்கியவன் உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொள்வான். ஒழுங்காக டிக்கெட் வாங்கியவர்கள்கூட வாங்காதவர்கள் மாதிரி முழித்துக்கொண்டு பையைத் துழாவுவார்கள். அவர் இறங்கியதும் பஸ் பழையபடி சரிந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பின்பாதியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை.

ஓய்வு பெற்று நாலு மாதம் வீட்டில் இருந்தார். நாலாவது மாதம் மகன் சொன்னான்: "அம்மா, இந்த வீட்டுல டிக்கெட் இல்லாம யாரும் ஏறல. கொஞ்சம் கண்ணை மூடிட்டுத் தூங்கேன்." மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்டோர் பொறுப்பாளர். சொல்வதைவிடச் செய்வதில் நம்பிக்கை உள்ளவள். ஒருநாள் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, எங்க ஆஸ்பத்திரியில ஒரு வேலை இருக்கு. உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

"எதைம்மா பாக்கணும்?"

"யார் யார் கை கழுவறாங்கன்னு."

செக்கரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிற முகமாக இல்லை. ஆபரேஷன் ஆன நோயாளிகளுக்கு ஆறு மாதமாகப் புண் ஆறாமல் சீழ் பிடிக்கிறது, கையிலிருந்துதான் கிருமி போகிறது என்று சந்தேகம், நர்ஸுகளையே எழுதச் சொன்னால் கூட வேலை செய்பவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், அதனால் வெளியாள் தேவை என்று மருமகள் விளக்கினாள். "எங்க கண்காணிப்பாளர் மேடம் கேட்டதும் எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

மறுநாளே செக்கரம்மா வேலைக்குப் போனார். மகன் அன்று மத்தியானம் நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டதாகப் பின்னால் கேள்வி.

வேலையின் விதி எளிது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு முறை கை கழுவ வேண்டும்; தொட்ட பின்னால் ஒரு முறை. குழாயில் சோப்புப் போட்டாலும் சரி, சுவரில் மாட்டியிருக்கும் சானிடைசரை அமுக்கித் தேய்த்துக்கொண்டாலும் சரி. கழுவினால் தாளில் ஒரு டிக், கழுவாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. நீலக் கோட்டு ஒன்று கொடுத்து, கீழ்த்தளப் பெண்கள் வார்டின் வாசலில் ஒரு முக்காலி போட்டார்கள்.

முதல் நாளே வார்டு பளபளத்துவிட்டது. நர்ஸுகள் முழங்கைவரை நுரை தள்ளக் கழுவினார்கள். ஒரு டாக்டர் கழுவிவிட்டு, செக்கரம்மா தாளைப் பார்த்துக் குனிந்திருந்ததைக் கவனித்து, அவர் நிமிர்ந்ததும் இன்னொரு தடவை கழுவினார். தள்ளுவண்டிக்காரர் ஈரக் கையை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார். ட்யூப்லைட் மாற்ற வந்தவர் யாரையும் தொடவே இல்லை, ஏணியிலிருந்து இறங்கி அவரும் கழுவினார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

வாரக் கடைசியில் கணக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

கண்காணிப்பாளர் ஒரு பெண் டாக்டர். பதவிப் பெயரில்தான் கண் இருந்தது. நாள் முழுக்கக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பதால் கண்ணால் காண நேரமில்லை. தாளைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"கை இவ்வளவு சுத்தமா இருக்கு. அப்புறம் புண்ணு ஏம்மா ஆற மாட்டேங்குது?"

பதில் வீட்டில் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்தபடி மருமகள் சொன்னாள்: "அத்தை, நீங்க இருக்கற வார்டு ஒரு வாரத்துல பன்னெண்டு பாட்டில் சானிடைசர் வாங்கியிருக்கு. அதுக்கு முந்தின வாரம் எத்தனை தெரியுமா? ரெண்டு. மாடி வார்டெல்லாம் இந்த வாரமும் ரெண்டுதான்."

செக்கரம்மாவுக்குப் பழைய பஸ் ஞாபகம் வந்தது. பஸ் டிரைவர்கள் எதிரே வரும் வண்டிக்கு விளக்கை இரண்டு தடவை சிமிட்டுவார்கள். முன்னாடி செக்கர் நிற்கிறார் என்று அர்த்தம். அந்தச் சிமிட்டலை முப்பது வருஷம் திட்டியவர் அவர். இங்கே விளக்குகூடத் தேவைப்படவில்லை. நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரே சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மஃப்டியில போகணும்" என்றார்.

கண்காணிப்பாளர் ஒரு நாள் யோசித்தார். பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டாம் மாடியில் ஆண்கள் எலும்பு முறிவு வார்டு. அங்கே ஒன்பதாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். தொடையெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகி, புண்ணில் சீழ் வைத்து, மறுபடி திறந்து சுத்தம் செய்து, ஒரு காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டபடி ஐந்து வாரமாக மல்லாந்து கிடந்தார். பிள்ளைகள் தூரத்தில் வேலை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தார்கள். அவருக்கு ஒரு அக்கா வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டதும் டிரைவருக்குப் பரம சந்தோஷம்.

"முப்பது வருஷமா செக்போஸ்ட்டுல என்னை நிறுத்திப் பாத்தாங்க மேடம். ஒரு மாறுதலுக்கு நானும் கொஞ்சம் பாக்கறேன்" என்றார்.

செக்கரம்மா சாதாரண உடுப்பில், கையில் ஒரு ஃபிளாஸ்க்கும் ஒரு குறுக்கெழுத்துப் புத்தகமுமாக ஒன்பதாம் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தார். கட்டங்களில் எழுத்துக்குப் பதிலாக டிக்கும் பெருக்கலும் போடுவது ஏற்பாடு. டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்காவா? பாத்தா தங்கச்சி மாதிரி இருக்கீங்களே."

"அக்காதான். தங்கச்சின்னா நீங்க அதட்டுவீங்க."

டிரைவரால் எழுந்து உட்காரவோ புரண்டு படுக்கவோ முடியாது. அதனால் பக்கத்து மேஜையில் ஷேவிங் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, லாரியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பது போல் முழு வார்டையும் அதிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு படுக்கைகளில் யார் எப்போது தூங்கினார், யார் யாருக்குத் தெரியாமல் பிஸ்கட் தின்றார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அங்கே செக்கரம்மா தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பின்பாதியைப் பார்த்தார்.

எலும்பு டாக்டர் மூன்றாம் படுக்கைக்காரரின் கட்டைப் பிரித்துப் பார்த்து, அதே கையோடு நாலாம் படுக்கைக்குப் போனார். அங்கிருந்து அஞ்சு. சானிடைசர் பாட்டில் வாசல் பக்கம் ஒன்றே ஒன்று தொங்கியது. அதைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் திரும்பி நடக்கவில்லை. பெருக்கல், பெருக்கல், பெருக்கல். குறுக்கெழுத்துக் கட்டங்கள் முள்வேலி மாதிரி ஆகிக்கொண்டிருந்தன.

ஆனால் கட்டத்தில் போட முடியாத சிலவும் நடந்தன. குட்டி சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட சின்ன நர்ஸ், மாவுக்கட்டுக்குள் அரிப்பு தாங்காமல் முனகிய கிழவருக்குக் கட்டின் மேல் பஞ்சுப் பொட்டலத்தால் தட்டித் தட்டி ஆறுதல் கொடுத்தாள். எலும்பு டாக்டர் அழுதுகொண்டிருந்த ஒருவரின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். கழுவாத கைதான். கீழ் வார்டில் ஒரு வாரத்தில் யாரும் அப்படி உட்கார்ந்து அவர் பார்க்கவில்லை. அங்கே எல்லோரும் குழாயடியில் இருந்தார்கள்.

இரண்டாம் நாள் குட்டி சிஸ்டர் அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"காலைலேர்ந்து உக்காந்திருக்கீங்களேம்மா. குடிங்க. கீழ வார்டுல ஒரு அம்மா இருந்தாங்களாம், கேள்விப்பட்டீங்களா? கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம். தும்மினாக்கூட எழுதிடுவாங்களாம். நல்லவேளை, எங்க பக்கம் வரல."

"அப்படியா?" என்றார் செக்கரம்மா. கண்ணாடியில் டிரைவரின் முகம் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கட்டங்களை எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை கழுவியிருக்க வேண்டும். எழுபத்து நாலு தடவை கழுவியிருந்தார்கள். நூற்றுக்கு முப்பத்தைந்து. பழைய பசி எடுத்தது அவருக்கு. ஒரே பஸ்ஸில் இருபது பேரை டிக்கெட் இல்லாமல் பிடித்த நாட்களில் எடுக்குமே, அந்தப் பசி.

"அக்கா, கணக்கு முடிஞ்சுதா?" என்று டிரைவர் கேட்டார்.

"ஆச்சு. நாளைக்கு மேடம் முன்னால வெச்சா எல்லார் முகத்துலயும் ஈயாடாது."

"என் கணக்கையும் சொல்லவா?"

"நீங்க என்ன கணக்கு எடுத்தீங்க?"

"உங்களைத்தான்." கண்ணாடியிலிருந்து இரண்டு கண்கள் அவரையே பார்த்தன. "மூணு நாள்ல என்னைத் தொட்டது பதினொரு தடவை. தலகாணி சரி பண்ணது நாலு, தண்ணி குடுத்தது மூணு, போர்வை ரெண்டு, கால்கட்டு நழுவினப்போ தூக்கி வெச்சது ரெண்டு. அதுல தொடறதுக்கு முன்னாடி கழுவினது மூணே மூணு."

"நான் என்ன டாக்டரா?" என்றார் செக்கரம்மா.

டிரைவர் கண்ணாடியை அவர் கைப்பக்கம் திருப்பினார்.

"கை சுத்தமாத்தான் இருந்துச்சு. இப்பக்கூடப் பாருங்களேன்."

கண்ணாடி அங்கேயே நின்றது.

"போர்வையைத் தொட்டதெல்லாம் ஒரு தொடறதா? கழுவலாம்னுதான் எழுந்தேன், அதுக்குள்ள நீங்க..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தக் குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். இப்பத்தானே மேடம் ஏறினேன். ரெண்டே ஸ்டாப்புதானே. எடுக்கலாம்னு பர்ஸைத் திறந்தேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. முப்பத்தோரு வருஷம் மூன்றாவது வார்த்தையிலேயே கையைக் காட்டி அவர் நிறுத்திய குரல், இப்போது அவர் வாயிலிருந்தே ஒரு சொல் பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

அவர் குனிந்து டிரைவரின் காலைப் பார்த்தார். கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கசிவு. நேற்று அந்த இடத்தைத்தான் அவர் தூக்கி வைத்தார். அதற்கு முன்னால் தொட்டது ஃபிளாஸ்க் மூடி, அதற்கு முன்னால் பஸ் கம்பி.

"தப்புதான்" என்றார் மெதுவாக. "மன்னிச்சிருங்க."

"அட, விடுங்கக்கா. இங்க என் தலகாணியைச் சரி பண்ண வர்றதே மூணு பேர்தான், அதுல நீங்க ஒருத்தர். நான் கணக்கு சொன்னது கோபத்துல இல்ல. பொழுது போகல, எண்ணினேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் மருமகளிடம் சொன்னார்: "ஏமாத்தணும்னு எனக்கு எண்ணமே கிடையாதும்மா. கழுவலைங்கறதே எனக்குத் தெரியல."

"அவங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் அத்தை" என்றாள் அவள், காய்ந்த துணியை மடித்தபடி.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் அறையில் இரண்டாம் மாடி ஆட்கள் எல்லோரும் கூடினார்கள். செக்கரம்மா உள்ளே வந்ததும் முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒன்பதாம் படுக்கை அக்காவுக்கு இங்கே என்ன வேலை என்று பார்த்தார்கள். கையில் இருந்த தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. குட்டி சிஸ்டரின் முகம்தான் முதலில் மாறியது.

"நீங்களா அது?" என்றாள். "உங்களை நம்பி டீ குடுத்தோமேம்மா."

அந்த ஒரு வரிக்கு மஃப்டி உடுப்பு எந்த மறைப்பும் கொடுக்கவில்லை. செக்கரம்மா தாளைப் பிரித்தார்.

"முதல்ல ஒருத்தர் கணக்கைப் பேரோட சொல்றேன்" என்றார். அறை இறுகியது. "ஒன்பதாம் படுக்கை நோயாளியோட அக்கா. பதினொரு தடவை தொட்டாங்க. மூணு தடவை கழுவினாங்க. நூத்துக்கு இருபத்தேழு. வார்டு கணக்கு முப்பத்தஞ்சு. அதாவது, இங்க இருக்கறதுலயே மோசம் நான்தான்னு கிட்டத்தட்ட வெச்சுக்கலாம்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். யார் என்று பார்த்தால் இரண்டாம் மாடித் தள்ளுவண்டிக்காரர். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களுக்கும் பரவியது. எலும்பு டாக்டர் மட்டும் சிரிக்காமல் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"என்னோடது எவ்வளவு?"

"தனியா சொல்றேன் டாக்டர்."

"இங்கயே சொல்லுங்க. நீங்க உங்களோடதைச் சொன்னீங்க இல்ல?"

"பத்தொன்பதுக்கு ரெண்டு."

டாக்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அந்த ரெண்டு எப்போ?"

"முந்தாநாள் காலைல. மேடம் வார்டைச் சுத்திப் பாக்க வந்தப்போ."

இப்போது டாக்டரே சிரித்துவிட்டார், ஆனால் முகம் சிவந்திருந்தது. "நான் கழுவறேன்னுதான் இவ்வளவு நாளா நினைச்சுட்டிருந்தேன்" என்றார். "சத்தியமா."

"தெரியும் டாக்டர்" என்றார் செக்கரம்மா. "நானும்தான்."

அதற்குப் பிறகு பேச்சு வந்தது. பாட்டில் வாசலில் ஒன்றே ஒன்றுதான், பதினாலு படுக்கைக்கும் அங்கேயே ஓட வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். குட்டி சிஸ்டர் இவ்வளவு நேரம் கோபமாக இருந்தவள், கையை நீட்டிக் காட்டினாள். விரல் கணுக்களெல்லாம் வெடித்திருந்தன. சானிடைசர் பட்டால் எரிகிறது, அதனால் தள்ளிப்போடுகிறேன் என்றாள். ஸ்டோரிலிருந்து மருமகளைக் கூப்பிட்டார்கள். படுக்கைக்கு ஒரு பாட்டில் மாட்டும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறது, கைக்குத் தடவும் களிம்பும் இருக்கிறது, இதுவரை எந்த வார்டும் கேட்டு எழுதவில்லை என்று அவள் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். மாமியாரைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

கண்காணிப்பாளர் பேனாவைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி. ஆனா பாக்க ஆள் இல்லைன்னா மறுபடி பழைய கதைதானே? ஒரு கேமரா வெச்சிடலாமா?"

"கேமரா வெச்சா கேமராவுக்குக் கழுவுவாங்க மேடம். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு ஒரே வாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றார் செக்கரம்மா. "அந்த வார்டுல ஏற்கெனவே பதினாலு பேர் மல்லாந்து படுத்துப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. வேற வேலையும் இல்ல அவங்களுக்கு. யார் உடம்பைத் தொடறோமோ, அவங்களே கேக்கட்டும்."

டாக்டர்கள் முகத்தைப் பார்த்தால் யோசனை அவ்வளவாக ருசிக்கவில்லை என்று தெரிந்தது. நோயாளி டாக்டரைக் கேட்பதா? ஆனால் எலும்பு டாக்டர் பத்தொன்பதுக்கு இரண்டு வாங்கியவர். எதிர்த்துப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. மற்றவர்களுக்குத் தங்கள் எண்ணிக்கை வெளியே வந்துவிடுமோ என்ற பயம். யோசனை நிறைவேறியது.

முதல் கேள்வியை டிரைவர்தான் கேட்டார். மறுநாள் காலை டாக்டர் நாலு மாணவர்களோடு வந்து அவருடைய போர்வையை விலக்கக் கையை நீட்டினார்.

"டாக்டர், கை?" என்றார் டிரைவர், செக்போஸ்ட்டில் ஆர்.சி. புத்தகம் கேட்கிற தோரணையில்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. டாக்டர் படுக்கையின் கால்மாட்டில் புதிதாக மாட்டியிருந்த பாட்டிலை இரண்டு தடவை அமுக்கி, நகக்கண்வரை தேய்த்து, பிறகு வந்து போர்வையை விலக்கினார். நாலு மாணவர்களும் வரிசையாக அமுக்கினார்கள். அன்றைக்கு அந்தப் பாட்டிலில் கால்வாசி போயிற்று.

ஒரு மாதம் கழித்து செக்கரம்மா கணக்கெடுத்தார். மறைந்தும் அல்ல, நீலக் கோட்டிலும் அல்ல. வார்டில் போய் வந்துகொண்டு, நோயாளிகளிடம் கேட்டு, கூட்டிக் கழித்து எடுத்தார். நூற்றுக்கு எழுபத்தொன்று வந்தது. தொண்ணூற்றாறைவிட இந்த எழுபத்தொன்றைக் கண்காணிப்பாளர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் இரண்டாம் மாடியில் ஒருவருக்குத்தான் சீழ் வைத்தது. முன்பெல்லாம் நாலைந்து பேருக்கு வைக்கும். டிரைவரின் கசிவு நின்றது. கயிறு அவிழ்ந்து, நாலுகால் தடியைப் பிடித்து நடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வீட்டுக்குப் போனார். குட்டி சிஸ்டர் செக்கரம்மாவுக்கு மறுபடி டீ கொடுக்க மூன்று வாரம் பிடித்தது. கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள். ஆனாலும் சர்க்கரை சரியாக இருந்தது.

எல்லோருக்கும் டிரைவரின் வாய் வராது. ஒன்பதாம் படுக்கைக்குப் புதிதாக வந்தவர் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர், பரம கூச்ச சுபாவி. நர்ஸ் வந்தாலே எழுந்து உட்கார முயல்பவர். கேட்கலாம் என்று செக்கரம்மா மூன்று நாள் சொல்லிப் பார்த்தார். "அவ்வளவு பெரிய டாக்டரை எப்படிம்மா கேக்கறது?" என்று அவர் போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்தார்.

நாலாம் நாள் எலும்பு டாக்டர் எங்கிருந்தோ அவசரமாக வந்தார். காதில் போன், கையில் யாருடைய எக்ஸ்ரேயோ. இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டுக் கட்டைப் பிரிக்கக் குனிந்தார். கடிகாரக்காரர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மூடினார். பிறகு அவர் பார்வை டாக்டரின் விரல்களில் போய் நின்றது. பல்சக்கரத்தில் ஒட்டிய தூசியைப் பார்க்கிற மாதிரி, கோபமும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல், அப்படியே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

டாக்டர் அந்தப் பார்வையைத் தொடர்ந்து தன் கைக்கு வந்து சேர்ந்தார்.

"நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கால்மாட்டுக்குப் போய்ப் பாட்டிலை அமுக்கினார்.

செக்கரம்மா ஜன்னல் பக்கம் நின்று தாளில் ஒரு டிக் போட்டார். போட்டுவிட்டு, அடுத்த படுக்கைக்காரரின் தண்ணீர்க் கூஜாவை எடுத்துக் கொடுக்கப் போகுமுன், தானும் ஒரு தடவை அமுக்கிக்கொண்டார்.